மலையடியில் பத்து நாள்

(பொன்விழாவையொட்டி நம் பங்கு இளைஞர் மன்றத்தார் நடத்திய கருத்தரங்கில், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இளைஞர் மன்றச் செயலாளர் என் வீட்டிற்கு வந்து, "சார், கலையும் வாழ்வும் என்ற தலைப்பில் நீங்கள் இருபது நிமிடம் பேச வேண்டும்" என்றார். அந்தத் தலைப்பில் எத்தனையோ பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. ஆகவே தலைப்பை விட்டுவிட்டு, நான் கண்ட ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன். பங்குத்தந்தை பொறுத்தருள்வாராக.

கொரோனாவுக்குச் சில ஆண்டுகள் முன்பு, கார்த்திகை தீபம் முடிந்த மறு வாரம், நண்பர் ஒருவருடைய மலையடிவாரத் தோப்பில் சில ஓவியர்களும் கைவினைஞர்களும் வந்து பத்து நாள் தங்கினார்கள். அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்து, அங்கே கிடைத்த பொருளைக் கொண்டே வேலை செய்தார்கள். அவர்களை ஒன்று சேர்த்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பத்து நாளில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். அதையும் சொல்லத்தான் இங்கு நிற்கிறேன்.

முதலில் மலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் மலையின் உயரம் 2,669 அடி. சுற்றி நடந்தால் 14 கிலோமீட்டர். இன்றைய பிள்ளைகள் அதைப் பச்சை மலையாகவே பார்த்து வளர்கிறார்கள். நான் சிறுவனாக இருந்த 1960-களில் அது மொட்டைப் பாறை. பழைய புகைப்படங்களைப் பார்த்தால் தெரியும், பாறையும் புல்லும்தான். அந்தப் புல்லும் மாசி பங்குனியில் எரியும். இரவில் மலையின் மீது நெருப்பு மாலை மாலையாக ஓடுவதை நாங்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்ப்போம். புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கிற தீயும் உண்டு, பீடித்துண்டு வைக்கிற தீயும் உண்டு. விடியற்காலையில் அம்மாவுடன் ஏறி, சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன். சுள்ளி கிடைக்காத நாளில் பச்சைக் கன்றையே வெட்டியிருக்கிறேன். அன்று அடுப்பு எரிய வேறு வழி எங்களுக்கு இல்லை. இருந்தாலும் வெட்டியவன் வெட்டியவன்தான்.

பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓவிய ஆசிரியராக இருந்தேன். பிள்ளைகளை எதையாவது வரையச் சொன்னால் என்ன வரைவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு தென்னை. சன்னலுக்கு வெளியே இவ்வளவு பெரிய மலை நிற்கும்போது, யாரும் பார்த்திராத இரட்டை மலையை எதற்கு வரைய வேண்டும்? ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை சன்னல் மலையை வரையச் சொல்வேன். நான் வேலையில் சேர்ந்த புதிதில் எல்லாப் பிள்ளைகளும் பழுப்பு வண்ணக் கட்டியைத்தான் எடுப்பார்கள். பழுப்புக் கட்டி முதலில் தீர்ந்து போகும். நான் ஓய்வு பெறும் சமயத்தில் பச்சைக் கட்டி முதலில் தீர்ந்தது. மலையில் நடந்த மாற்றத்திற்கு என் கையில் இருக்கிற சாட்சி அதுதான்.

இந்த மாற்றம் தானாக வந்ததல்ல. 1980-களின் பிற்பகுதியில் அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கம் கன்று நடத் தொடங்கியது. 2000-களில் 'தி ஃபாரஸ்ட் வே' என்னும் அறக்கட்டளை அந்த வேலையைத் தொடர்ந்தது. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்தார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் நடுவது ஒரு வேலை. அதைவிடக் கடினமான வேலை கோடையில் நடக்கிறது. வெயில் முற்றுமுன் புல்லைச் செதுக்கி, தீ தாண்டாதபடி மலையைச் சுற்றி அகலமாக வழி எடுக்க வேண்டும். புகை கண்டால் இரவானாலும் ஏற வேண்டும். ஒரு இரவுத் தீ, ஐந்தாறு ஆண்டு நட்டதைத் தின்றுவிடும். நடுகிற கன்றுகளும் கண்டவை அல்ல. வீரை, கருங்காலி, உலக்கைப்பாலை, உசிலை, வெப்பாலை என்று இந்த மண்ணுக்கே உரிய மரங்களின் விதையைத் தேடி எடுத்து நாற்றங்காலில் வளர்க்கிறார்கள். அதே அறக்கட்டளையினர் மலையடிவாரத்தில் ஒரு வனப்பூங்காவும் அமைத்திருக்கிறார்கள். அங்கே உடைந்த ஓடுகளைப் பதித்துச் செய்த விலங்கு, பறவைச் சித்திரங்களை உங்களில் பலர் பிள்ளைகளோடு போய்ப் பார்த்திருப்பீர்கள். 2009-இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளியில், மழை ஓய்ந்த பிறகு கைவினை வாரம் ஒன்று நடப்பதுண்டு. பல ஊர்க் கைவினைஞர்கள் வந்து தங்கிப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவார்கள். எங்களுக்கு இந்த எண்ணம் வந்ததே அதைக் கேள்விப்பட்ட பிறகுதான்.

ஓவியர்கள் காட்டில் கூடித் தங்குவது உலகத்திற்குப் புதிதல்ல. இங்கிலாந்தில் கிரைஸ்டேல் என்ற காட்டில் 1977 முதல் சிற்பிகளை அழைத்துத் தங்க வைத்து, அங்குள்ள மரத்தையும் கல்லையும் கொண்டே வேலை செய்யச் சொன்னார்கள். செய்த பொருள்களை அங்கேயே விட்டுவிட்டார்கள். பல மக்கி மண்ணாகிவிட்டன. நம் நாட்டில் சாந்திநிகேதனும் தொடக்கத்தில் செம்மண் பொட்டல்தான். மரம் நட்டு நிழல் உண்டாக்கிய பிறகுதான் மரத்தடிப் பாடம் நடந்தது. 1928-இல் தாகூர் மரம் நடுவதையே ஒரு விழாவாக்கினார். 1938-இல் ராம்கிங்கர் என்ற சிற்பி, மூட்டை முடிச்சோடு நடந்து போகும் சந்தால் குடும்பம் ஒன்றை சிமெண்டும் சரளையும் கொண்டு திறந்தவெளியில் எழுப்பினார். பக்கத்தில் குடியிருந்த உழைப்பாளிகளே அவருக்கு மாதிரி.

நம் சென்னைக்கு அருகில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் இருக்கிறது. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் கடற்கரை மணலில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். பணம் எங்கிருந்து வந்தது? படம் விற்றா? இல்லை. படத்தை யார் வாங்கினார்கள் அந்த நாளில்! மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பத்திக் துணிகளைச் செய்து விற்ற பணம் அது. கையால் செய்யும் தொழில் சோறு போடட்டும், மிச்ச நேரத்தில் மனம் விரும்புவதை வரையலாம் என்பது அவர்கள் கணக்கு. இதை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் என் முறை வந்தபோது மறந்துவிட்டேன். அதற்கு வருகிறேன்.

ஏன் தீபத்திற்குப் பிறகு என்று கேட்பீர்கள். மேல்நாட்டில் இலையுதிர்காலம் முடிகிற சமயத்தில் காடு மொட்டையாகிவிடும். நமக்கு நேர்மாறு. கூதிர் முடிந்து முன்பனி தொடங்கும் அந்த நாள்களில்தான் நம் காடு மிகச் செழிப்பாக இருக்கும். ஓடையில் தண்ணீர் இருக்கும், களிமண் குழைவாக இருக்கும், ஈச்ச ஓலை இளசாக இருக்கும். இலை உதிர்வதெல்லாம் மாசிக்கு மேல்தான்.

வந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். ஓவியர்கள் மூவர், சிற்பி ஒருவர், குயவர் ஒருவர், கலம்காரி தெரிந்த பெரியவர் ஒருவர், பக்கத்துக் கிராமத்திலிருந்து கூடை பின்னும் அம்மாள் ஒருவர். கலம்காரிப் பெரியவர் வரும்போதே ஒரு மண்பானையைத் துணியால் வாய் கட்டி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தார். திறந்தால் ஒரே புளித்த நாற்றம். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு இருபது நாள் ஊற வைத்தது. "இதுதான் கறுப்பு மை" என்றார். தொட்டுப் பார்த்தால் கறுப்பே இல்லை, வெளுத்த தேநீர் போல இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல், கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்து நனைத்துக் காய வைத்த துணியை எடுத்தார். புளியங்குச்சியைச் சுட்ட கரியால் கோடு போட்டார். மூங்கில் குச்சியின் முனையில் நூலும் துணியும் சுற்றி, அதைப் பானையில் தோய்த்து அந்தக் கோட்டின் மேல் இழுத்தார். இழுத்த இடம் எங்கள் கண்ணெதிரே கறுத்துக்கொண்டே போயிற்று. பிள்ளைகளிடம் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், அதற்காகவே நான் முப்பது ஆண்டு வேலை பார்த்திருக்கலாம்.

காரணம் எளியது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பாகும். எருமைப்பாலின் கொழுப்பு மை பரவாமல் பிடிக்கும். ஐரோப்பாவில் துறவியர் மடங்களில் வேதப் பிரதிகளை எழுதிய மையும் இதே வகைதான். அவர்கள் கடுக்காய்க்குப் பதில் மாசிக்காயைப் பயன்படுத்தினார்கள்.

நிற்க. என் தவறுக்கு வருகிறேன்.

தேர்வுக்காலம் ஆகையால் பிள்ளைகள் மாலையிலும் சனி, ஞாயிறுகளிலும் வந்து போகலாம் என்று ஏற்பாடு. அதற்காக ஒரு அறிவிப்பு அச்சிட்டு, திருப்பலிக்குப் பிறகு நம் ஆலய வாசலில் கொடுத்தோம். அதை எழுதியவன் நான். ஞாயிறன்று நம் பங்கைச் சேர்ந்த ஒரு தம்பி, ஆட்டோ ஓட்டுபவர், அதைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவருடைய மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு.

"சார், என் பொண்ணு அங்க போயி என்ன கத்துக்குது?"

"எல்லாம்தான் தம்பி. படம் வரையலாம், மண் வேலை செய்யலாம், கூடை பின்னலாம்."

"கூடையா?" என்றார். "எங்க அம்மா தலையில கூடைய வெச்சுக்கினு தெருத்தெருவா வித்தவங்க சார். வாசப்படி ஏறக் கூடாதுன்னு தள்ளி நிக்கவெச்சுதான் காசு போடுவாங்க. அத விட்டுட்டு வரணும்னுதான் என்னப் படிக்க வெச்சாங்க. நான் படிக்கல, என் பொண்ணு படிக்குது. அதப் போயி திரும்பக் கூடை பின்னச் சொல்றீங்க."

எனக்குப் பதில் வரவில்லை. கலை என்றும் பாரம்பரியம் என்றும் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் அறிவிப்பை நீட்டினார். "இத நீங்கதான எழுதுனீங்க? படிங்க சார்."

படித்தேன். ஓவியர்கள், சிற்பி, கலம்காரிக் கலைஞர், குயவர் என்று ஆறு பேருக்கும் பெயர் போட்டிருந்தது. கடைசி வரியில், "மற்றும் கூடை பின்னும் பெண்மணி ஒருவர்" என்று இருந்தது. பெயர் இல்லை. அவர் கேட்காத இன்னொன்றும் எனக்குத் தெரியும். ஓவியர்களுக்கு ஒரு தொகையும் அந்த அம்மாளுக்கு அதில் பாதியும் பேசியிருந்தோம். பேசியவனும் நானே. யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்த அம்மாளே மறுப்புச் சொல்லவில்லை. பழக்கத்தில் கை தானாக எழுதியிருக்கிறது. பணிக்கரின் கதையை வகுப்பில் சொன்ன அதே கைதான்.

அன்று மாலையே தோப்புக்குப் போய் மற்ற ஆறு பேரிடமும் விஷயத்தைச் சொன்னேன். இருக்கிற பணத்தை ஏழாகச் சமமாகப் பிரிப்பது என்று முடிவாயிற்று. ஓவியர்களில் ஒருவர் முகம் சுளித்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு அவரும் ஒப்புக்கொண்டார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஏழு பெயரும் ஒரே அளவு எழுத்தில் எழுதப்பட்டன. அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயர் எது என்று ஒரு சிறுமியிடம் கேட்டு, விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் அவரை ஆயா என்றுதான் கூப்பிட்டார்கள். ஈச்ச ஓலையில் எதை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும், எத்தனை நாள் நிழலில் வாட விட வேண்டும், எந்த மாதம் வெட்டினால் பூச்சி அரிக்கும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. குருத்தை மட்டும் வெட்டக் கூடாது என்பதில் வெகு கண்டிப்பு. ஒரு ஓவியர் அழகாக இருக்கிறதென்று குருத்தை ஒடித்து வந்தபோது ஆயா திட்டிய திட்டை இந்த மேடையில் சொல்ல முடியாது.

கடைசி மூன்று நாள் எல்லோரும் சேர்ந்து நம் ஆலயத்திற்குக் கிறிஸ்துமஸ் குடில் செய்தார்கள். ஏரிக்கரைக் களிமண்ணில் சுருபங்கள். சூளையில் சுடவில்லை, நேரமும் இல்லை. மாதாவுக்கு ஆயாவின் முகம் வந்துவிட்டது. சிற்பி வேண்டுமென்று செய்தாரா, தானாக வந்ததா என்று கேட்டால் சிரிப்பார். கூரைக்கு ஈச்ச ஓலை. கூரை மட்டும் நிற்கவே இல்லை, நடுவில் தொய்ந்து தொய்ந்து விழுந்தது. சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் அந்த ஆட்டோக்காரத் தம்பி மகளை அழைத்துப் போக வந்தார். ஆம், அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். பலகையில் பெயர் எழுதிய பிறகு தாயார் அனுப்பினாராம். அவர் சிறிது நேரம் நின்று பார்த்தார். செருப்பைக் கழற்றினார். ஓவியர் கையிலிருந்த கட்டை அவிழ்த்து, ஓலையைப் புரட்டிப் போட்டு, வேறு ஒரு முடிச்சுப் போட்டார். கூரை நின்றது. "இது யாருப்பா சொல்லிக் குடுத்தது?" என்றார் ஆயா. "எங்கம்மா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை. மகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு என்று சொல்லி அவளை அனுப்பவில்லை. அது அவருடைய உரிமை, அவர் நினைத்ததும் சரி என்றே எனக்குத் தோன்றியது.

குடில் பற்றி ஒரு சிறு வழக்கும் உண்டு. மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும், சுடாத மண்தானே, எடுத்த ஏரியிலேயே சேர்த்துவிடலாம் என்று நாங்கள் நினைத்தோம். "பாலன் இயேசுவைத் தண்ணீரில் கரைப்பதா, இது என்ன சதுர்த்தியா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சரி என்று பழைய சாமான் அறையில் எடுத்து வைத்தோம். அடுத்த ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, இடையர்கள் இருவரும் ஒரு ஒட்டகமும் தாமாகவே கரைந்து போனார்கள். மாதா மட்டும் இன்னும் இருக்கிறார்.

2024-இல் எங்கள் கூட்டம் நடக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் வீடுகள் மேல் விழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏழு பேர் போனார்கள். அவர்களில் ஐந்து பேர் பிள்ளைகள். மரம் இருந்திருந்தால் நடந்திராது என்று சொல்ல நான் மண் அறிந்தவன் அல்ல. அப்படிச் சொல்லி யாரையும் குற்றம் சாட்டவும் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குத் தாள் கொடுத்து, விரும்பியதை வரையச் சொன்னேன். பாதிப் பேர் மலையைத்தான் வரைந்தார்கள். பச்சை மலை. ஒரு சிறுவன் மட்டும் உச்சியிலிருந்து அடி வரை செங்காவியில் ஒரு கோடு இழுத்திருந்தான். எங்கிருந்து பார்த்தாய் என்று கேட்டேன். "எங்க வீட்டு மாடியிலேருந்து சார்" என்றான். அந்தச் செங்காவி, நாங்கள் தோப்பில் அரைத்துப் புட்டியில் வைத்திருந்த காவிமண். அந்தத் தாளை நான் அவனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை, கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

வருகிற தீபத்திற்குப் பிறகு மறுபடியும் பத்து நாள் தங்க இருக்கிறோம். இம்முறை காலையில் இரண்டு மணி நேரம் எல்லோரும் நாற்றங்காலில் வேலை, பிறகுதான் மற்றது. தொகை எல்லோருக்கும் ஒன்று. ஆயாவுக்கு இப்போது கண் பார்வை குறைந்துவிட்டது, ஆனாலும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பிள்ளைகளை அனுப்ப விரும்புகிறவர்கள் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். அனுப்ப மனமில்லாதவர்கள், காரணம் இருந்தால் அந்தத் தம்பியைப் போல என்னிடம் நேரில் வந்து சொல்லுங்கள்.

இன்னொரு சிறு வேண்டுகோள். கலம்காரிப் பெரியவர் காலமாகிவிட்டார். மையை இனி நாம்தான் ஊற வைக்க வேண்டும். வெல்லமும் இரும்பும் ஊற இருபது நாள் ஆகும். பொன்விழாப் பந்தல் பிரித்த இடத்தில் துருப்பிடித்த ஆணிகள் நிறையக் கிடக்கின்றன. பொறுக்கி எடுத்து, உபதேசியார் வீட்டுத் திண்ணையில் இருக்கும் பானையில் போட்டுவிட்டுப் போங்கள். வெறுங்காலோடு வருகிற பிள்ளைகளுக்கும் அது நல்லது.